மேல்மாடிக்கு அனுப்புகிறவன்

1

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஓய்வு பெறும்வரை இந்த ஊரை விட்டு என்னை யாரும் அசைக்க முடியாது. சேதி கேட்டதும் மங்களம் சேமியாப் பாயசம் வைத்தாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"ஏங்க, நல்ல சேதிதானே? மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?"

"நல்ல சேதிதான்."

"அப்பக் குடிங்க. சீனி சரியாத்தான் போட்டிருக்கேன்."

மங்களம் என் மனைவி, எங்கள் இலங்கை மலைநாட்டில் ராகலைப் பக்கத்துக்காரி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி, ஆறு மாதத்துக்கு ஒரு வீடு என்று பெட்டி கட்டிக் கட்டியே அவள் கை சலித்துவிட்டது. இனிப் பெட்டி கட்ட வேண்டாம். ஜன்னலுக்குத் திரை தைக்கலாம். பையனைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம். அவள் கணக்கில் இது பாயசத்துக்கு உரிய சேதிதான்.

ஊரில் இருக்கிற நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மகன் இங்கிலாந்தில் டாக்டர், அதுவும் சர்ஜன், அதுவும் நிரந்தரம்! பெருமையாகத்தான் இருக்கும். என்ன வேலை என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் சொல்லத்தான் வேண்டும்.

கம்பளி ஆலைகள் நிறைந்த வடக்கத்தி நகரம் இது. ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில் விபத்துப் பிரிவு இருக்கிறது. அதற்குக் கேஷுவல்ட்டி என்று பெயர். ஆலையில் விரல் நசுங்கியவன் வருவான், தைத்து அனுப்புவேன். குடித்துவிட்டு விழுந்தவன் வருவான், அவன் திட்டுகிற திட்டை வாங்கிக்கொண்டு அவனையும் தைத்து அனுப்புவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தால் தொட்டுப் பார்ப்பேன். அப்பெண்டிக்ஸ் என்றால் அப்படியே எழுதி மேல்மாடிக்கு அனுப்புவேன். வயிற்றைத் திறப்பது மேல்மாடிக்காரர்களின் வேலை. எனக்குக் கொடுத்திருப்பது மெடிக்கல் அசிஸ்டன்ட் என்று புதிதாகக் கண்டுபிடித்திருக்கும் ஒரு தரம். அதற்கு மேலே படி கிடையாது. நான் கடல் தாண்டி வந்து எஃப்.ஆர்.சி.எஸ். என்ற சர்ஜன் பரீட்சை எழுதியது வயிற்றைத் திறக்கத்தான். இனி நான் ஒரு வயிற்றையும் திறக்கப்போவதில்லை.

2

சர்ஜரி பழகுகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? மனித உயிரைப் பற்றியா? அட போங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டு பேசுவது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாதையில் போனால் எங்கே போய்ச் சேரலாம்.

பொது சர்ஜரி, அதாவது வயிறு. அதுதான் ராஜபாட்டை. மற்ற எல்லாரையும் மரியாதைக்குச் சர்ஜன் என்று சொல்வார்களே தவிர, வயிற்றைத் திறக்காதவனை மனசுக்குள் யாரும் அப்படி எண்ணுவதில்லை. ஆனால் அந்தப் பாதையில் கூட்டம் தாங்காது. எல்லாப் படியும் ஏறி, எல்லாப் பரீட்சையும் முடித்து, தலை நரைத்து, மேலே ஒருவர் ஓய்வு பெற மாட்டாரா என்று நிற்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் கொஞ்சம் இருமினால் போதும், "உடம்புக்கு என்ன?" என்று அத்தனை பேரும் அக்கறையோடு விசாரிப்பார்கள்.

எலும்புப் பாதை தச்சுவேலை என்று கேலி செய்வார்கள். கேலி செய்கிறவனே இரகசியமாக அதற்கு மனுப் போடுவான், மோட்டார் சைக்கிள் இருக்கும்வரை அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. காது, மூக்கு, தொண்டைக்காரர்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள். மூத்திரப்பைக்காரர்களைப் பற்றிச் சொல்கிற பகிடிகளை இங்கே எழுத முடியாது. மூளைப் பாதையில் போகிறவனுக்கு மரியாதை உண்டு, தூக்கம் கிடையாது. நெஞ்சுப் பாதைதான் பாவம். காசநோய் இருந்த காலத்தில் நுரையீரலை அறுக்கப் பழகியவர்கள் ராஜாக்களாக இருந்தார்கள். பிறகு மாத்திரை வந்தது, வார்டுகள் காலியாகின. அப்படி அம்போ என்று நின்ற ஒருவர் எங்கள் மெஸ்ஸிலேயே இருந்தார். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் பையன்கள் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார்கள்.

கேஷுவல்ட்டியைப் பற்றி ஒரு நாளும் யாரும் பேசிக் கேட்டதில்லை. அது பாதையே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பையன்களின் பார்வை. எங்கள் பார்வை வேறு. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் எங்களுக்குள், "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "எது காலி?" என்றுதான் கேட்போம். எனக்கு ஆறு மாதம் எலும்பு காலியாக இருந்தது. பிறகு காது. பிறகு மூத்திரப்பை. பிறகு மறுபடியும் எலும்பு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மேய்ந்தேன். வயிற்றை மட்டும் யாரும் என் கையில் தரவில்லை. பெரியவர் அறுக்கும்போது காயத்தை விரித்து வைக்கிற கொக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றதுதான் நான் வயிற்றில் கண்டது.

பரீட்சை பாஸ் பண்ணியவன்தானே, ஊருக்கு வந்து அறுக்கலாமே என்பீர்கள். பரீட்சை எழுதிய கை வேறு, கத்தி பிடித்துப் பழகிய கை வேறு. தனியாக நின்று, தன் பொறுப்பில் அறுத்து, தவறு செய்யாமல் மூடப் பழக வேண்டும். அதற்குப் பொது சர்ஜரியில் சீனியர் ரெஜிஸ்ட்ரார் என்ற அந்த ஒரு படி வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

3

ஏன் வயிறு? எலும்போடு திருப்திப்பட்டிருந்தால் இந்நேரம் நன்றாக இருந்திருப்பேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் தம்பி ராஜுவைத் தெரியாது.

சுதந்திரம் வந்து, கையோடு எங்கள் சனங்களின் பிரஜாவுரிமை போன காலம். நான் ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தேன். ராஜுவுக்குப் படிப்பு ஏறவில்லை, தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தான். உங்களுக்குத் தெரியாததா? விடிகாலையில் பெரட்டு, ஆட்கள் எல்லாரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை வந்து நிற்பார். அப்பா கையில் செக்ரோல் பேரேட்டோடு பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவார். உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் துரை நம்ப மாட்டார். வயிற்றுவலி என்றால் அறவே நம்ப மாட்டார். வலியை வெளியே இருந்து பார்க்க முடியாதல்லவா? அதற்காகவே பெரட்டுக் களத்தில் ஒரு போத்தல் விளக்கெண்ணெய் வைத்திருப்பார்கள். வயிற்றுவலிக்காரன் துரைக்கு முன்னால் நின்று அதைக் குடிக்க வேண்டும். கள்ளன் என்றால் வலி போய்விட்டது என்று மலைக்கு வேலைக்கு ஓடிவிடுவான். நிஜம் என்றால் குடிப்பான். குடித்தவனை லயத்து வீட்டுக்குப் போகவிடுவார்கள்.

ராஜு குடித்தான். அப்பாவுக்கு முன்னால்தான் குடித்தான். அப்பா அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அன்று முழுக்கத் துடித்திருக்கிறான். மறுநாள் வலி சட்டென்று விட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "எண்ண வேல செஞ்சிருச்சு, எல்லாம் எறங்கிருச்சு" என்று அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி, ரசம் வைத்துச் சோறு கரைத்து ஊட்டியிருக்கிறார். அப்பெண்டிக்ஸ் உடைகிற நேரத்தில் வலி அப்படித்தான் கொஞ்சம் விடும் என்பதை நான் பிற்பாடு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். படித்த அன்று வகுப்பை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

வயிறு பலகையாக இறுகிய பிறகுதான் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் ஏற்றினார்கள். கீழே இருந்த ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் இல்லை. கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ராஜு மேடையில் கம்பளிக்குள் கிடந்தான். என்னைப் பார்த்து, "அண்ணே, நான் பொய் சொல்லலண்ணே" என்றான். கண்டி ரயில் வருவதற்குள் போய்விட்டான்.

இதுதான் ஏன் வயிறு என்பதற்குப் பதில். மலையில் ஓர் ஆஸ்பத்திரியில் தனியாக நின்று எல்லாம் செய்யத் தெரிந்த ஒருவன் இருந்திருந்தால் ராஜு இன்றைக்கு இருப்பான். அந்த ஒருவனாக ஆக வேண்டும் என்றுதான் புறப்பட்டேன்.

4

மகேசன் என்று எனக்கு ஒரு நண்பன். யாழ்ப்பாணத்தவன். அவனுடைய தகப்பனார் கொட்டகலையில் வாத்தியாராக இருந்தவர், அதனால் எங்கள் பேச்சும் அவனுக்கு அத்துப்படி. அவனை இலங்கை அரசாங்கமே செலவு செய்து அனுப்பி வைத்தது. பொது சர்ஜரியை எட்டிப் பார்த்துவிட்டு எலும்புக்குப் போனான். இந்த வருடம் திரும்பிப் போய்க் கொழும்பில் உட்கார்ந்துவிடுவான்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனவன் என் அப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்கும் போயிருக்கிறான். இந்த நாட்டில் சர்ஜன் ஆகிவிட்டால் டாக்டர் என்று கூப்பிட மாட்டார்கள், மிஸ்டர் என்பார்கள். அதுதான் கௌரவம். மகேசன் வாய் தவறி, "மிஸ்டர் பெரியசாமி அங்கே சுகமாக இருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறான். அப்பா முகம் கறுத்துவிட்டதாம்.

"ஏன் தம்பி, எம் மகன் ஏதும் தப்புப் பண்ணிட்டானா? டாக்டர் பேரப் புடுங்கிட்டாங்களா?" என்று கேட்டாராம். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லையாம். தோட்டத்தில் கண்டாக்கையா என்ற பெரிய உத்தியோகஸ்தரைக் கீழே இறக்கினால் முதலில் அந்தப் பேரைத்தானே பிடுங்குவார்கள்!

மகேசன் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன்தான் கேட்டான்:

"ஐசே, நீர் ஏன் இந்த வயித்தையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? எலும்புக்கு வாரும். அல்லாட்டி மயக்க மருந்து படியும். எங்களுக்கெண்டால் ஊரிலை எது தேவை எண்டு பாக்க வேணும். உமக்கு என்ன? திரும்பிப் போக இடமில்லாத ஆளுக்கு எந்தப் பாதையும் ஒண்டுதானே?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிட்டேன். வீடு வந்த பிறகுதான் அவன் சொன்னது உண்மை என்று உறைத்தது.

சென்னைக்கு நான் மருத்துவம் படிக்கப் போனேன். படிக்கிற நேரத்தில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதச் சொன்னார்கள். நாட்டை விட்டு வெளியே போனவன் என்று என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். டாக்டராகித் திரும்பி வரப் போனவனை, போனவன் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். இப்போது என் சட்டைப்பையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். பிறந்த மலைக்கு விசா வாங்கிக்கொண்டு போய்ச் சில வாரம் இருக்கலாம். ஒரு கட்டியைக்கூடக் கீற முடியாது.

போன வருடம் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து எங்கள் சனங்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களைக் கேட்டவர் யாருமில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மலை இல்லாவிட்டால் போகிறது. இந்தச் சனங்களைக் கப்பலில் ஏற்றி எந்தக் கரையில் இறக்குவார்களோ, எந்தக் காட்டில் குடியேற்றுவார்களோ, அங்கேயும் வயிறு வலிக்கும். அங்கேயும் கிட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்காது. அந்த ஒரு படியை மட்டும் ஏறிவிட்டால் நான் அங்கே போய்விடலாம்.

மங்களத்திடம் சொன்னேன். அவள் ஒன்றும் மறுக்கவில்லை. "நீங்க எங்க போறீங்களோ அங்க நானும். ஆனா இவன என்ன செய்யிறது?" என்றாள். இவன் என்றால் எங்கள் மகன் குமார். பள்ளிக்கூடத்தில் கென். பஸ்ஸில் தமிழில் பேசாதே அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொல்கிற வயது வந்துவிட்டது.

5

பொது சர்ஜரியில் அந்த சீனியர் ரெஜிஸ்ட்ரார் இடம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காலியானது. மனுப் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னுடைய அப்போதைய வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. ஆஸ்பத்திரி கொடுத்த வீடும் அதோடு போய்விடும்.

நீளமான மேசை. நான்கு சர்ஜன்கள், நடுவில் தலைவர். ஓரத்தில் ஒரு கிழவர், ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் ஆள், டாக்டர் இல்லை. சிவந்த முகம், தடித்த கோட்டு. அவரைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

சர்ஜன்கள் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். குடல் அடைப்பு, கல்லீரல் கட்டி, எதிலும் தடுமாறவில்லை. தலைவர் இரண்டு தடவை தலையசைத்தார். "பயிற்சி முடிந்ததும் திரும்பிப் போவீர்களா?" என்று ஒருவர் கேட்டார். போவேன் என்றால் போகிறவனுக்கு எதற்கு இந்த இடம் என்பார்கள். போகமாட்டேன் என்றால் எங்கள் பையன்களின் இடத்தைப் பிடிக்க வந்தவன் என்பார்கள். "என் மக்கள் இருக்கும் இடத்துக்குப் போவேன்" என்றேன். அதுவும் நல்ல பதில்தான் என்று நினைத்தேன்.

அப்போது ஓரத்துக் கிழவர் முன்னால் குனிந்தார். தமிழில் கேட்டார்:

"நீ எந்தத் தோட்டம்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

யோசித்து எழவில்லை. முழங்கால் தானாக நிமிர்ந்தது. கை இரண்டும் முன்னால் வந்து ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தன. எங்கள் தோட்டத்துத் துரை இல்லை இவர், பக்கத்து மலையில் துரையாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் கேட்ட விதம் ஒன்றுதான்.

"பொகவந்தலாவைங்க" என்றேன்.

"அப்பன் யாரு?"

"கணக்கப்பிள்ளைங்க."

"நல்லது, நல்லது" என்றவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில், இவன் தகப்பன் எங்களிடம் கணக்கு எழுதியவன், நம்பிக்கையான சாதி, இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்றார். எல்லாரும் கிழவரின் தமிழை ரசித்துச் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலையில் வயிற்றுவலி என்று சொல்கிறவர்களுக்கு அங்கே நாங்கள் ஒரே ஒரு மருந்துதான் வைத்திருந்தோம், போத்தலைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பேர் குணமாகிவிடுவார்கள் என்றார். விளக்கெண்ணெய்க் கதையை முழுவதும் சொன்னார். மேசை முழுக்கச் சிரிப்பு.

தலைவர் சிரித்தபடியே என்னிடம், "மிஸ்டர் சாமி, சர்ஜன் என்ற முறையில் இந்த வைத்தியத்தைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அப்பெண்டிக்ஸ் இருந்தால் உடைந்துவிடும் சார்" என்றேன். "என் தம்பிக்கு உடைந்தது. பதினாறு வயது."

சிரிப்பு நின்றது. ஒருவர் பேனாவை மூடினார். தலைவர் என் மனுவைப் புரட்டினார், வருத்தம் தெரிவித்தார், நன்றி சொன்னார். நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு ஓர் உள்ளூர்ப் பையன் போனான். இடம் அவனுக்குத்தான் என்று எழுத்தர் வந்து சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பையன் நல்லவன். இன்றைக்கு நான் அனுப்புகிற வயிறுகளை மேல்மாடியில் அவன்தான் திறக்கிறான்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கிழவர் கைத்தடியோடு வந்தார். என் முன்னால் நின்றார். முகம் அத்தனை சிவப்பாக இல்லை.

"அந்தத் தோட்டத்திலே நான் இல்லை" என்றார் தமிழில்.

"நான் கொடுத்ததிலே ஒருத்தனும் சாகலை." கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றினார். "எனக்குத் தெரிஞ்சு" என்றார்.

பிறகு பெரட்டில் வேலை பிரிக்கிற குரலுக்கு வந்தார். "பயப்படாதே. உன்னை வெளியே அனுப்பமாட்டோம். கீழே கேஷுவல்ட்டியிலே ஆள் வேணும். நல்ல வேலை. வீடு இருக்கு. நான் சொல்லி வைச்சாச்சு. திங்கக்கிழமை போய் நில்லு."

உள்ளுக்குள் என்னென்னவோ வந்தது. போய்யா உன் வேலையும் நீயும் என்று வந்தது. உன் வேலை வேண்டாம், ராஜுவைக் கொடு என்று வந்தது. வீடு காலி பண்ண மங்களம் கழற்றி மடித்து வைத்திருந்த திரைச்சீலையும் நினைவுக்கு வந்தது.

"சரிங்க தொரை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அந்தத் தாழ்வாரம் மிக அகலம். நோயாளிக் கட்டில்கள் இரண்டு எதிரெதிரே உருண்டு போகலாம். மலையில் துரை வந்தால் நாங்கள் ரோட்டை விட்டு ஓரத்துக் கானுக்குள், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள், இறங்கி நிற்போம். இங்கே கான் இல்லை. அவர் திருப்பம் தாண்டிப் போகும்வரை நான் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றிருந்தேன்.